வசனம் அவர், தட்டச்சு நான்

3 ஜூன் 2025, செவ்வாய்

கடை திறந்ததும் ஆதார் நகல் எட்டு, வாடகை ஒப்பந்தம் ஒன்று, கல்யாணப் பத்திரிகை ஒன்று. மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.இ. போட்டுவிட்டேனாம், எம்.இ. என்று பெண்ணின் அப்பா சண்டைக்கு வந்தார். கேம்ப் ரோட்டில் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தைத் தாண்டி வருகிறவர்கள் எல்லாருமே பாதிக் கோபத்தோடுதான் கடைக்குள் நுழைகிறார்கள். மீதிக் கோபத்தை நான் வரவழைக்கிறேன்.

பதினொரு மணிக்கு ஸ்ரீநிவாசராகவன் சார் வந்தார். எங்கள் சேலையூர் நண்பர்கள் நாடகக் குழுவின் செயலாளர், இயக்குநர், இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்பது மேடையில் மட்டும். வெளியில், அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

"நஃபீசாம்மா, நம்ம 'ஒன்பது மணி மழை'க்கு ஆகஸ்ட் பத்தாம் தேதி இருபத்தஞ்சாவது ஷோ. தாம்பரத்துல பெரிய ஹால். விழா மலர் போடறோம். அதுல நாடகத்தோட மேடை வரலாறு வரணும். நான் சொல்லச் சொல்ல நீங்க டைப் பண்ணிடுங்க."

டைப் பண்ணிடுங்க!

போன காட்சியின் நோட்டீஸ் இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது. 'ஆங்கில மூலத்தைத் தழுவிய தமிழ் வசனம், இயக்கம்: ஸ்ரீநிவாசராகவன்.' அதற்குக் கீழே நடிகர்கள், அதற்குக் கீழே ஒலிபெருக்கி, அதற்கும் கீழே, 'தட்டச்சு: திருமதி நஃபீசா.'

அந்த நாடகத்தில் ஒரு வரிகூட அவர் எழுதியது இல்லை. நான் எழுதினேன். இதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

4 ஜூன், புதன்

நேற்று எழுதியது பொறாமையில் எழுதியதாகத் தெரிகிறது. நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

2014-ல் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தையும், தன் கையெழுத்தில் அறுபது பக்கத்தையும் கொண்டுவந்து டைப் அடிக்கக் கொடுத்தார். எழுபது வருடத்துக்கு முன் லண்டனில் மேடையேறிய கொலை நாடகம். மழை நாளில் ஒரு பெரிய பங்களா. பணக்காரக் கிழவரைப் பார்க்க ஒரு விருந்தாளி வருகிறான். பக்கத்து அறையில் இருக்கும் கிழவரின் மருமகள், சரியாக ஒன்பது மணிக்கு, மூடிய கதவுக்குப் பின்னால் அந்த விருந்தாளியின் குரலில் ஒரே ஒரு சொல்லைக் கேட்கிறாள்: "ரைட்." சரி, கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான் என்று நினைக்கிறாள். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அவன் துப்பாக்கி எந்தப் பக்கத்து டிராயரில் இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறான். நாடகமே அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

சார் அதை எப்படி மொழிபெயர்த்திருந்தார்? "வலது."

மூடிய கதவுக்குப் பின்னால் ஒருவன் காரணமில்லாமல் "வலது!" என்கிறான். முதல் காட்சியிலேயே சபை முழுக்க வலது பக்கம் திரும்பிப் பார்க்கும். மீதி ஐம்பத்தொன்பது பக்கமும் இதே லட்சணம். கொலைகாரன், "நான் உங்கள் மீது மிகவும் பயப்படுகிறேன்" என்கிறான். அடித்துப் பார்த்தேன், கை கூசியது. நானே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அந்த ஒரு சொல் மட்டும் மூன்று நாள் படுத்தியது. சரி என்றால் பக்கம் இல்லை, வலது என்றால் சம்மதம் இல்லை. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் மைதீன் பிச்சை கடை வாசலில் நின்று "வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பத்தடி போவதற்குள் எதிர்க் கடை ஹார்டுவேர்க்காரர் கூப்பிட்டார். "வரேன்" என்று அவரிடம் போனார். போகிறவனும் வரேன் என்கிறான், வருகிறவனும் வரேன் என்கிறான்! துப்பாக்கியையும் டிராயரையும் தூக்கிப் போட்டேன். கதவுக்குப் பின்னால் விருந்தாளி "வரேன்" என்கிறான். விடைபெற்றான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் உள்ளறையிலிருந்து கிழவர் கூப்பிட்டதற்கு அவன் பதில் சொன்னான். வெளியே போகவில்லை, உள்ளே போனான்.

அன்று எனக்கு இருந்த சந்தோஷம் மகள் மெஹ்னாஸ் பிறந்தபோது இருந்த மாதிரி. மிகைப்படுத்துகிறேனா? கொஞ்சம்.

8 ஜூன், ஞாயிறு

பெருநாள் விருந்தாளிகள் இப்போதுதான் கிளம்பினார்கள். முதுகு ஒடிகிறது. மச்சானிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், மேடை வரலாறு விஷயத்தைச் சொன்னேன்.

"பதினோரு வருஷமா என்கிட்டதான் சொல்ற. அவர்கிட்ட ஒரு தடவை சொன்னா இன்னா?"

"தானா போடணும்."

"தானா போடறவரா இருந்தா முதல் ஷோவுலேயே போட்டிருப்பாரே."

இந்த மனுஷர் சில சமயம் எரிச்சல் வருகிற அளவுக்குச் சரியாகப் பேசுகிறார்.

12 ஜூன், வியாழன்

இன்று சார் சொல்லச் சொல்ல அடித்தேன். அவர் சொன்னது மலருக்கு, நடந்தது எனக்கு.

அவர் சொன்னது: '2014 முதல் காட்சியில் கொலைகாரன் வேடத்துக்குக் கடும் போட்டி நிலவியது.'

நடந்தது: ஆமாம், யார் நடிக்காமல் தப்பிப்பது என்ற போட்டி. ஒருவர் வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். இன்னொருவர் குடியிருப்போர் சங்கத் தேர்தலில் நிற்கிறார். மோகன்ராஜ் வேண்டுமானால் பிணமாகப் படுக்கிறேன் என்றார். அன்றிலிருந்து கிழவர் அவர்தான். கடைசியில் கோவளத்திலிருந்து வந்து எங்கள் தெருமுனையில் மீன் கடை வைத்திருக்கும் கோபு, "இன்னாக்கா, நடிப்புதானே, நான் பண்றேன்" என்றான். மேடைக்கு வந்தான். ஒன்பது மணி அடித்தது. கதவுக்குப் பின்னால் கணீரென்று, "போய்ட்டு வரேன்!"

முடிந்தது கதை. போய்ட்டு வரேன் என்றவன் போய்விட்டவன். அவனைக் கொலைகாரன் என்று சொல்ல ஆதாரமே இல்லை. கடைசிக் காட்சியில் சார் விலங்கை எடுத்ததும் முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "சார், அவன்தான் ஒன்பது மணிக்கே போய்ட்டானே" என்றார். "திரும்பி வந்தான்" என்று சார் அதட்டிக் கைது செய்தார்.

கோபுவைக் கேட்டேன். "அக்கா, கடலுக்குப் போற வூடு எங்களுது. வாசப்படி தாண்டறப்ப முழுசா சொல்லிக்கினுதான் போவணும்னு எங்க அம்மா அங்காளம்மா அடிச்சு வளர்த்துக்கீது. கதவைப் பார்த்தா தானா வந்துடுதுக்கா."

"நீ வெளியே போகல கோபு, உள்ளே போறே."

"அது உனக்குத் தெரியும். என் வாய்க்குத் தெரியணுமே."

அவர் சொன்னது: '2015-ல் இயற்கைச் சீற்றம் காரணமாக ஒரு காட்சி ஒத்திவைக்கப்பட்டது.'

நடந்தது: மழைச் சத்தத்துக்குத் தகரத்தில் அரிசி கொட்டிப் பழகிக்கொண்டிருந்தோம். டிசம்பரில் நிஜமாகவே பெய்தது. பங்களா சோபா முடிச்சூர் பக்கம் ஒரு வீட்டில் இருந்தது. இன்றுவரை எங்கே போனது என்று தெரியாது.

அவர் சொன்னது: '2020-ல் இணையவழியில் நிகழ்த்திச் சாதனை படைத்தோம்.'

நடந்தது: "வரேன்" சொல்லும்போது கோபு மியூட்டில் இருந்தான். அந்த ஒரு தடவைதான் சரியாகச் சொன்னதாக இன்னும் சத்தியம் பண்ணுகிறான்.

அவர் சொன்னது: '2023-ல் பெரும்பாக்கம் அருகே அடுக்குமாடி வளாகத்தில் சிறு மாற்றங்களுடன் அரங்கேறியது.'

நடந்தது: புதுசாகக் குடிவந்த இடம், சாவு வேண்டாம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். கிழவர் மயங்கி விழுந்தார். மயங்க வைத்த குற்றத்துக்குக் கோபு கைதானான். மோகன்ராஜ் கடைசியில் எழுந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னார்.

நாலு பக்கம் அடித்தேன். என் பெயர் ஒரு இடத்தில்கூட வரவில்லை.

13 ஜூன், வெள்ளி

வந்தது. பிழை பார்த்தபோது கண்ணில் பட்டது. 'மலர்த் தட்டச்சுக்கும் நன்றி.' தட்டச்சுக்கு. எனக்கு இல்லை.

20 ஜூன், வெள்ளி

கேட்டுவிட்டேன். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்து, "சார், இந்தத் தடவை தமிழாக்கம்னு என் பேரைப் போடலாமா" என்றேன். குரல் எப்படி வந்தது என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. விடுப்பு கேட்கிற குரல்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், மூலப் பிரதியைக் கண்டுபிடிச்சது நான். எண்ணம் என்னுது. நீங்க அதுக்கு ஒரு வடிவம் கொடுத்தீங்க, இல்லேங்கல. வடிவம் கொடுக்கறதுக்குப் பேர்தானே டைப்பிங்?"

தண்ணீரைக் குடித்து, டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"வேணும்னா 'தட்டச்சு'ங்கறதைக் 'கணினித் தட்டச்சு'ன்னு மாத்திடறேன். கௌரவமா இருக்கும்."

கணினித் தட்டச்சு! என்ன ஒரு தாராளம். ஏன் சும்மா உட்கார்ந்திருந்தேன் நான்? "வலது"ன்னு எழுதினவர்தானே நீங்கன்னு கேட்டிருக்கலாம்ல? கேட்கலையே. வாய் எங்கே போச்சு எனக்கு? அவர் போனப்புறம் அந்தத் தண்ணி டம்ளரை மூணு தடவை தேய்ச்சேன்.

21 ஜூன், சனி

இனி குழுவுக்குப் போவதில்லை. முடிவு.

22 ஜூன், ஞாயிறு

ஒத்திகைக்குப் போனேன். நான் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்காவிட்டால் மோகன்ராஜ் பிணமாகவும் உளறுவார்.

27 ஜூன், வெள்ளி

மதியம் சார் ஓடிவந்தார். பள்ளத்தைத் தாண்டாமல் அதில் இறங்கி ஏறி வந்தார். வேட்டி முழுக்கச் சேறு.

லண்டனிலிருந்து மின்னஞ்சல். அந்த நாடகத்தின் உரிமையைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம். சிறுசேரியில் மென்பொருள் வேலை பார்க்கும் அவருடைய மாப்பிள்ளை ஹர்ஷா போன வருடக் காட்சியை யூடியூபில் ஏற்றியிருக்கிறார். அதைப் பார்த்திருக்கிறார்கள். செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி முதல் வரியை மட்டும் காட்டினார். 'தாங்கள் பல ஆண்டுகளாக இந்நாடகத்தைத் தமிழில் நிகழ்த்திவருவது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது' என்று ஆங்கிலத்தில்.

"பார்த்தீங்களா? 'கவனத்துக்கு வந்துள்ளது.' முப்பத்துநாலு வருஷ சர்வீஸ் மேடம். இந்த வரியில ஆரம்பிச்ச எந்தக் கடுதாசியும் நல்லதா முடிஞ்சதில்ல. இது மெமோ."

"மீதியைப் படிச்சீங்களா சார்?"

"மெமோல மீதி எதுக்கு? முதல்ல மறுப்பு கொடுக்கணும். அதுதான் நடைமுறை." ஹர்ஷாவும் படிக்காமலேயே, "காப்பிரைட் மேட்டர் மாமா, ஜாக்கிரதை" என்றாராம். அனுமதி என்று ஒன்று வாங்க வேண்டும் என்பதே பதினோரு வருடத்தில் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பென்ஷனை நிறுத்திவிடுவார்களா என்று இரண்டு தடவை கேட்டார். லண்டனில் இருந்து எப்படி சார் என்றேன். "அவங்க நினைச்சா முடியும்" என்றார்.

28 ஜூன், சனி

காலை ஒன்பதரைக்கு முத்திரைத்தாளோடு வந்துவிட்டார். பிரமாணப் பத்திரம். அதையும் அடிக்க வேண்டியது என் கடையில்தான். அவர் ஆங்கிலத்தில் சொன்னதற்குத் தமிழில் இதுதான் பொருள்:

'மேற்படி நாடகத்தின் தமிழ் வசனத்தில் ஒரு வரியையும், ஒரு சொல்லையும், ஒரு நிறுத்தற்குறியையும்கூட நான் எழுதவில்லை. முழுவதும் சேலையூர் நஃபீசா என்பவரால் சுயமாக எழுதப்பட்டது. எனக்கும் மேற்படி நாடகத்துக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.'

நிறுத்தற்குறி அவராகச் சேர்த்தது. அந்த இடத்தில் என் விரல் கொஞ்சம் நின்றது.

பிறகு, கீழே எனக்கென்று ஒரு வரி. 'மேற்கண்டது உண்மை என ஒப்புக்கொள்கிறேன்.' அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது மேடம், லேடீஸை ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்றார். பதினோரு வருடம் கேட்டது இப்போது கிடைக்கிறது, எப்படிக் கிடைக்கிறது பாருங்கள்!

மச்சானுக்கு ஃபோன் செய்தேன். "போடாதே. பேர் புகழ்னா அவர், கேஸ்னா நீயா? லண்டன்லேந்து வக்கீல் நோட்டீஸ் வந்தா கடையை இழுத்து மூடணும்" என்றார். பயமாகத்தான் இருந்தது. ஒருவேளை கோர்ட்டு, அபராதம், என்னென்னவோ. ஆனால் இல்லை என்று எழுதினால்? "வரேன்" என்னுடையது இல்லை என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பதா? அதற்குக் கேஸே மேல்.

போட்டேன். முழுப் பெயர். நோட்டரி முத்திரை வைத்தார். நாங்கள் ஸ்கேன் செய்து லண்டனுக்கு அனுப்பியபோது மணி பன்னிரண்டே கால்.

மச்சான் மதியம் சாப்பிட வரவில்லை. கோபம்.

29 ஜூன், ஞாயிறு

மெஹ்னாஸ் விடுமுறைக்கு வீட்டில் இருந்தாள். நேற்று பதில் அனுப்பிய என் கணினியில் அந்த மின்னஞ்சல் அப்படியே இருந்தது. முழுக்கப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு சோபாவில் படுத்துச் சிரித்தாள்.

"அம்மா, இரண்டாவது பாராவைப் படிச்சியா?"

யார் படித்தார்கள்? நானும் மெமோவுக்குப் பயந்தவள்தானே. அடிக்கச் சொன்னதை அடித்தேன், மற்றதைப் பார்க்கவில்லை.

நாடகத்துக்கு இந்த வருடம் எழுபது வயதாம். அதன் மேடை வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம், எந்தெந்த நாட்டில், எந்தெந்த மொழியில் என்று. அந்த "ரைட்" என்ற சொல்லை ஒவ்வொரு மொழிக்காரரும் எப்படிச் சமாளித்தார்கள் என்று தனி அத்தியாயமே இருக்கிறதாம். 'தமிழில் அதைச் செய்தவர் யார்? அவர் பெயரை உரிய மரியாதையோடு வெளியிட விரும்புகிறோம்.' அனுமதி இல்லாமல் நடத்தியதற்கு அன்பாக ஒரு வரி: இனிமேல் எழுதிக் கேளுங்கள்.

மச்சான் வந்து அவரும் படித்தார். பிரியாணி வாங்கிக்கொண்டு வந்தார்.

எனக்கு அழுகைதான் வந்தது. சிரிப்பு அப்புறம்.

30 ஜூன், திங்கள்

லண்டனுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். போகிறவனும் வரேன், வருகிறவனும் வரேன் என்பதை ஆங்கிலத்தில் விளக்குவதற்கு நாடகத்தை மொழிபெயர்த்ததைவிட அதிக நேரம் ஆனது. ஸ்ரீ சாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் தெருப் பக்கமே வரவில்லை. தலைமறைவு.

9 ஜூலை, புதன்

பதில் வந்தது. அந்த அத்தியாயமே இனி தமிழில்தான் தொடங்கும் என்கிறார்கள். இன்னொரு வரியை நான் கற்பனை செய்திருந்தால்கூட இப்படி வந்திருக்காது: 'மொழிபெயர்ப்பாளரின் பெயரை முத்திரைத்தாளில் சத்தியம் செய்து உறுதிப்படுத்திய நாடகக் குழு உலகத்தில் தங்களுடையது ஒன்றுதான். திரு. ஸ்ரீநிவாசராகவனின் பெருந்தன்மை எங்களை நெகிழ வைத்தது.'

கூடவே ஒரு படிவம். மொழிபெயர்ப்பாளர், இயக்குநர், முதல் காட்சி நடந்த இடம். இனி தமிழில் நடத்த வேண்டுமானால் அவர்கள் அனுமதியோடு என் எழுத்துச் சம்மதமும் வேண்டுமாம்.

10 ஜூலை, வியாழன்

சாருக்குத் தெரிந்துவிட்டது. மெஹ்னாஸ் நாடகக் குழுவின் வாட்ஸப்பில் முழுக் கடிதத்தையும் போட்டுவிட்டாள். கோபு மட்டும், 'அக்கா சூப்பர், லண்டன்ல நான் கீறனா?' என்று கேட்டிருந்தான்.

மாலையில் சார் வந்தார். நோட்டரி நாளுக்குப் பிறகு முதல் தடவை. கையில் காராசேவு பொட்டலம்.

"மேடம், அந்தப் படிவத்துல இயக்குநர்னு ஒரு கட்டம் இருக்காமே."

"இருக்கு சார்."

"அது… நான்தானே."

பிரமாணப் பத்திரத்தின் நகலை எடுத்து அவர் முன் வைத்தேன். எவ்விதச் சம்பந்தமும் இல்லை. அவருடைய கையெழுத்து, நோட்டரி முத்திரை. அவர் அதை நிதானமாகப் படித்தார். இரண்டாவது பாரா உட்பட.

"அவசரத்துல எழுதிட்டேன்" என்றார்.

"பார்க்கலாம் சார்" என்றேன். எனக்கு அந்த நிமிடம் ரொம்பப் பிடித்திருந்தது. மறைப்பானேன்.

21 ஜூலை, திங்கள்

பதினோரு நாள் படிவத்தை அனுப்பவில்லை. வருடத்துக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். இதற்குள் சார் நாலு தடவை வந்து, தேவையே இல்லாமல் நகல் எடுத்தார். சமையல் எரிவாயுப் புத்தகத்தை முன்னும் பின்னும் எடுத்தார். என் முகத்தைப் பார்ப்பார், கேட்க மாட்டார். எனக்குத் தெரிந்த முகம் அது. இத்தனை வருடம் அதை நான் வைத்திருந்தேன், அவருக்குத் தெரியவில்லை.

அது ஒன்பதாம் நாளிலேயே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. யோசித்துப் பார்த்தால், வெள்ளம் வந்தபோதும் கொரோனா வந்தபோதும், யாருமே வராத செவ்வாய்க்கிழமை ஒத்திகைகளிலும், நாற்காலி போட்டுக்கொண்டு அந்த மனுஷர் மட்டும் உட்கார்ந்திருந்தார். எனக்கு வசனம் தெரியும். அந்தப் பிடிவாதம் கிடையாது.

இயக்குநர் கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன். மொழிபெயர்ப்பாளர் கட்டத்தில் என் பெயரை. முதலில் என்னுடையதை எழுதினேன்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

இருபத்தைந்தாவது காட்சி. லண்டனிலிருந்து எழுத்தில் அனுமதி, என்னிடமிருந்து எழுத்தில் சம்மதம். தாம்பரம் ஹாலில் பாதிக்கு மேல் கூட்டம். அதில் பாதிப் பேர் வந்தது சாம்பார் சாதத்துக்கு என்றாலும் கூட்டம் கூட்டம்தான்.

மலரில் மேடை வரலாறு, சார் சொன்னது இல்லை, நான் எழுதியதுதான் வந்திருக்கிறது. மயங்கி விழுந்ததையும் மியூட்டையும் எழுதிவிட்டேன். "வலது"வை எழுதவில்லை. எழுதி, பிறகு அழித்தேன். திரை விலகுவதற்கு முன் சார் மைக் பிடித்து, "தமிழாக்கம், திருமதி நஃபீசா" என்றார். ஒரு தடவை சொல்லிவிட்டு, ஏனோ மறுபடியும் சொன்னார். மச்சான் நாலாவது வரிசையில் இருந்து விசில் அடித்தார். ஐம்பத்தாறு வயதில்.

ஒன்பது மணி அடித்தது. கோபு "போய்ட்டு வரேன்" என்றான். லண்டனுக்கு இதைப் பற்றி எழுதவில்லை.

19 ஆகஸ்ட், செவ்வாய்

கடையில் நல்ல கூட்டம். ஸ்ரீ சார் வந்தார். எப்போதும் போல நேரே உள்ளே வரவில்லை, வாழ்நாள் சான்றிதழ் நகலுக்கு வந்தவரின் பின்னால் வரிசையில் நின்றார். முறை வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மடிப்பாக்கத்துல ஒரு ஷோ கேக்கறாங்க மேடம். கொடுக்கலாமா?" என்றார்.

தேதி கேட்டேன், சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் வியாழக்கிழமை வரை யோசிக்கப் போகிறேன்.